ஹெலிகாப்டரில் கண்ணால் பார்த்து வழி பிடிப்பது எப்படி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இங்கிலாந்தின் தென்கரையில் ஷோரம் விமானநிலையத்தில் ஆர்44 ஹெலிகாப்டரில் பயிற்சி எடுக்கிறீர்கள். அடுத்து மேற்கே டார்செட் மாவட்டத்தில் இருக்கும் காம்ப்டன் அபாஸ் விமானதளம் வரை வழி பிடித்துப் போக வேண்டும். இதற்கு முன் போன இரண்டு பயணத்திலும் பாதி வழியில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போய்விட்டது. மேப்பில் கோடு சரியாகத்தான் போட்டிருந்தீர்கள், கணக்கும் சரி. அப்படியானால் தப்பு எங்கே? டேப்லெட்டில் நகரும் மேப் இருக்கும்போது இந்தப் பென்சில் வேலை எதற்கு?

கோட்டிலும் கணக்கிலும் தப்பு இருக்காது என்றே நினைக்கிறேன். வழி தவறும் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இரண்டு விஷயம். மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சில வேலைகளை விட்டுவைத்திருப்பார்கள். அப்புறம், வானத்திலிருந்து நேர் கீழே குனிந்து பார்ப்பவருக்குப் பொருத்தமான அடையாளங்களைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஹெலிகாப்டர் பைலட்டுக்குக் கை காலியாக இருக்காது. அவர் உலகத்தைப் பார்ப்பதும் மேலிருந்து அல்ல, பக்கவாட்டில். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பாதை போட்டால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முதலில் கை விஷயம். சிறிய இறக்கை விமானத்தை டிரிம் செய்துவிட்டால் அது பாட்டுக்குப் போகும். பைலட் மேப்பைப் பிரித்து மடிக்கலாம், கணக்கு வட்டைத் திருப்பலாம். நம் ஆர்44-இல் வலது கை, திசையையும் வேகத்தையும் பிடிக்கும் சைக்ளிக் கட்டையை விட்டு நகராது. இடது கையை மட்டும், ஏற்றி இறக்கும் கலெக்டிவ் நெம்புகோலின் உராய்வைக் கொஞ்சம் இறுக்கிவிட்டு, சில நொடி எடுக்கலாம். நீங்கள் வலது கையால் எழுதுபவர் என்றால் ஒரு நேரத்தைக் குறிப்பதற்குக்கூடக் கை மாற்றிப் பிடிக்க வேண்டும். அந்த நொடியில் மூக்கு எழும்பும், வேகம் 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) என்பதிலிருந்து 85-க்கு வரும், திசை 10 பாகை நகர்ந்திருக்கும். நிமிர்ந்து பார்த்தால் வெளியே எல்லாம் மாறியிருக்கும். தொலைந்துபோவது பல நேரம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

அதனால் பென்சில் வேலை எல்லாம் தரையிலேயே முடிந்திருக்க வேண்டும். முழுப் பாதையும் ஒரு முகத்தில், மிஞ்சினால் இரண்டு முகத்தில் தெரியும்படி மேப்பை மடித்துத் தொடைப் பலகையில் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 10 கடல் மைலுக்கும் கோட்டின் குறுக்கே ஒரு சிறு குறி. ஒவ்வொரு திருப்பத்துக்குப் பக்கத்திலும் அடுத்த ஹெட்டிங்கும் (மூக்கு நோக்க வேண்டிய திசை) நிமிடமும், குலுங்கும்போதும் படிக்க முடிகிற அளவு பெரிய எழுத்தில். கதவைக் கழற்றிவிட்டுப் பறப்பதாக இருந்தால் தளர்வான ஒரு காகிதம்கூட உள்ளே இருக்கக் கூடாது. வெளியே பறந்தால் அது போகும் திசையில்தான் வால் சுழலி இருக்கிறது.

இப்போது பாதைக்கு வருவோம். ஷோரமிலிருந்து காம்ப்டன் அபாஸுக்கு நேர்கோடு போட்டால் சுமார் 71 கடல் மைல். அந்தக் கோடு சௌதாம்ப்டன் விமானநிலையத்துக்கு இரண்டரை மைல் தெற்கே, நகரத்தின் மேலேயே, கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் போகிறது. ரேடார் கட்டுப்பாட்டாளரிடம் அனுமதி கேட்டால் பல நாள் கிடைக்கும். ஆனால் ஒற்றை என்ஜினோடு நெரிசலான ஊரின் மேல் போகும்போது, என்ஜின் நின்றால் எங்கே இறங்குவது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். ஆர்44-இன் கையேட்டுப்படி, மிக அதிகத் தூரம் சறுக்கும் வேகத்தில் ஒரு கடல் மைல் போக 1,300 அடி உயரம் செலவாகும். கையில் 1,000 அடிதான் இருக்கிறது என்றால் ஒரு மைல்கூட இல்லை. அந்த வட்டத்துக்குள் எப்போதும் ஒரு வயல் இருக்க வேண்டும்.

ஆகவே நான் வடக்கே சுற்றிப் போவேன்: ஷோரம், பீட்டர்ஸ்ஃபீல்ட், ஸ்டாக்பிரிட்ஜ், சாலிஸ்பரி, காம்ப்டன் அபாஸ். கூட்டினால் சுமார் 75 கடல் மைல் வரும். நேர்வழியைவிட 4 மைல்தான் அதிகம், அதாவது இரண்டரை நிமிடம். அந்த இரண்டரை நிமிடத்துக்குக் கிடைப்பது, கீழே வயல்வெளி, மலைவிளிம்பு, ஆறு, ரயில் பாதை என்று கண்ணுக்குப் பிடிமானம் உள்ள நிலம். சௌதாம்ப்டன் அனுமதிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

பக்கவாட்டுப் பார்வை என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நீங்கள் தரையிலிருந்து 1,000 அடி உயரத்தில் இருக்கிறீர்கள், 5 மைல் தள்ளி ஓர் ஊர் இருக்கிறது என்று வையுங்கள். தொடுவானத்துக்கும் அந்த ஊருக்கும் இடையே உள்ள கோணம் இரண்டு பாகைக்கும் குறைவு. கையை நீட்டிக் கட்டைவிரலை நிறுத்தினால் அந்த நகத்தின் அகலம்தான். மேப்பில் நீங்கள் பார்த்த ஊரின் வடிவம், சாலைகள் சேரும் விதம், காட்டின் எல்லை எல்லாம் அந்த நக அகலத்துக்குள் நசுங்கிக் கிடக்கின்றன. ஏரி ஒரு வெள்ளிக் கீற்றாகத் தெரியும், அதற்கும் வெயில் சரியான பக்கத்தில் இருக்க வேண்டும். ரயில் பாதை மரங்களுக்குள் மறைந்து, நேர் மேலே போன பிறகுதான் தட்டுப்படும். எழுந்து நிற்பவை மட்டும் தூரத்திலிருந்தே தெரியும்: மலைவிளிம்பு, கோபுரம், கம்பம், புகைபோக்கி, மின்கோபுர வரிசை. வெட்டப்பட்ட சுண்ணாம்புப் பாறையின் வெள்ளையும் தெரியும்.

இதை நான் ஸ்டாக்பிரிட்ஜில் கற்றுக்கொண்டேன். மாணவனாக இருந்தபோது அந்த ஊர் மேப்பில் எனக்கு அருமையாகத் தோன்றியது. டெஸ்ட் ஆறு, அதைக் கடக்கும் ஏ30 சாலை, இரண்டும் வெட்டும் இடத்தில் ஊர். இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். நேரம் வந்தது, ஊர் வரவில்லை. இன்னும் ஒரு நிமிடம் போனேன். இடது பக்கம் எட்டிப் பார்த்தேன், வலது பக்கம் பார்த்தேன், மறுபடி மேப்பைப் பார்த்தேன். ஊர் எனக்கு நேர் கீழே பள்ளத்தாக்கில், மரங்களுக்கு நடுவே, ஒரே தெருவாகப் படுத்திருந்தது. பக்கத்தில் இருந்த ஆசிரியர் ஒன்றும் பேசாமல் விரலால் கீழே காட்டினார். ஸ்டாக்பிரிட்ஜ் திரும்புவதற்குத் தகுந்த இடம்தான். ஊரைத் தேடியதுதான் தப்பு, நான் பள்ளத்தாக்கைத் தேடியிருக்க வேண்டும். வடக்குத் தெற்காக ஓடும் டெஸ்ட் பள்ளத்தாக்கு உங்கள் பாதைக்குக் குறுக்கே கிடக்கிறது. எவ்வளவு விலகியிருந்தாலும் அதைத் தாண்டாமல் மேற்கே போக முடியாது. பள்ளத்தாக்கு வந்ததும், அதில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை ஏ30 சாலை சொல்லிவிடும். குறுக்கே கிடந்து நம்மைத் தடுத்துப் பிடிக்கிற இப்படியொரு கோடு ஒவ்வொரு திருப்பத்துக்கும் பின்னால் இருக்கிறதா என்று திட்டமிடும்போதே பாருங்கள்.

முதல் துண்டில் அந்த வேலையை சௌத் டவுன்ஸ் மலைத்தொடர் செய்கிறது. ஷோரமிலிருந்து பீட்டர்ஸ்ஃபீல்டுக்கு 26 மைல், டிராக் (தரைமேல் போக வேண்டிய திசை) 293. கிளம்பி இரண்டு நிமிடம் கடந்ததும் சிஸ்பரி ரிங் என்ற பழைய மண்கோட்டை ஏறக்குறைய காலடியில் வரும். அதே நேரம் உங்கள் பக்கத்து ஜன்னலில், வலப்புறம் இரண்டு மைலில், சாங்க்டன்பரி ரிங்கின் மரக்கூட்டம் மலைமுகட்டில் தெரியும். இந்த இரண்டும் கிடைத்தால் ஹெட்டிங் சரி. அடுத்தது பத்தரை மைலில் ஆம்பர்லி. அருன் ஆறு மலைத்தொடரை அறுத்துக்கொண்டு தெற்கே இறங்கும் இடைவெளி அது. ஆறு, ரயில் பாதை, பழைய சுண்ணாம்புக் குவாரியின் வெள்ளைச் சுவர் மூன்றும் ஒரே இடத்தில். இவ்வளவு தெளிவான குறி தென் இங்கிலாந்தில் அதிகம் இல்லை.

ஆம்பர்லி ஏன் இவ்வளவு நல்லது என்றால், எந்தப் பக்கம் விலகினோம் என்பதையும் அது சொல்கிறது. கீழே மலைக்குப் பதிலாகத் தட்டையான ஈரப் புல்வெளி விரிந்தால் வடக்கே தள்ளப்பட்டிருக்கிறீர்கள். அருண்டெல் கோட்டை இடது பக்கம் ரொம்பக் கிட்டத்தில் நின்றால் தெற்கே. ஒரு மைல் வடக்கே இருக்கிறோம் என்று வையுங்கள். 60-க்கு 1 விதி ஞாபகம் இருக்கும்: 60 மைலில் 1 மைல் விலகினால் 1 பாகை. பத்தரை மைலில் ஒரு மைல் என்றால் விலகியது சுமார் 6 பாகை. மீதி பதினைந்தரை மைலில் அந்த ஒரு மைலைத் திரும்பப் பிடிக்க இன்னும் 4 பாகை. ஆக இடது பக்கம் 10 பாகை திரும்பினால் பீட்டர்ஸ்ஃபீல்டில் கோடு கிடைக்கும். இந்தக் கணக்கையும் தரையிலேயே போட்டு, ஆம்பர்லி பக்கத்தில் '1 மைல் = 10 பாகை' என்று எழுதி வைத்துவிடுவேன். மேலே போய் வகுத்துப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

ஆம்பர்லி தாண்டியதும் மலைமுகடு 800 அடிக்கு மேல் உயர்கிறது. காக்கிங் பக்கம் உங்கள் கோடு முகட்டைவிட்டு வடக்கு அடிவாரத்துக்கு இறங்கும். அங்கிருந்து பீட்டர்ஸ்ஃபீல்ட் வரை மலைச்சரிவு இடது பக்கம் சுவர் மாதிரி கூடவே வரும். சாலை, ரயில் போன்ற கோட்டைப் பின்தொடரும்போது அதை இடது பக்கம் வைத்துப் போவது இங்கே வழக்கம், எதிரே வருபவரும் அப்படியே வருவார், மோதல் இருக்காது. ஆனால் நம் ஹெலிகாப்டரில் பைலட் வலது இருக்கையில் இருக்கிறார். மிக ஒட்டிப் போனால் கோடு பயணியின் கால்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். அரை மைலாவது தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளி இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தென்மேற்குக் காற்று வலுவாக அடிக்கும் நாளில் வடக்கு அடிவாரம் காற்றுமறைவுப் பக்கம். முகட்டைத் தாண்டிய காற்று அங்கே கவிழ்ந்து இறங்கும், குலுக்கும். இரண்டு இலைச் சுழலி உள்ள ஆர்44-ஐ அதற்குள் முழு வேகத்தில் கொண்டுபோகக் கூடாது, வேகத்தைக் குறைத்து மென்மையான கையோடு கடக்க வேண்டும். வடக்குக் காற்று நாளில் பிரச்சினை வேறு. பார்ஹம் கிளைடர் தளத்திலிருந்து எழும் கிளைடர்கள் அதே சரிவில் மேலெழும் காற்றைப் பிடித்துக்கொண்டு முகட்டோடு முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருக்கும். வெள்ளை இறக்கை, மெல்லிய உடல், எதிரே நேராக வந்தால் கண்ணுக்கே தெரியாது.

காற்றைப் பற்றிச் சொன்னதால் கணக்கையும் முடித்துவிடுகிறேன். 210 பாகையிலிருந்து 20 நாட், நம் வேகம் 100 நாட் என்று வையுங்கள். காற்று வேகத்தை 60-ஆல் பெருக்கி நம் வேகத்தால் வகுத்தால் அதிகபட்ச டிரிஃப்ட், அதாவது காற்று நம்மைப் பக்கவாட்டில் தள்ளும் கோணம், 12 பாகை. எத்தனை பங்கு எடுப்பது என்பதற்குக் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றுக்கும் டிராக்குக்கும் இடையே 15 பாகை என்றால் கால், 30 என்றால் அரை, 45 என்றால் முக்கால், 60-ம் அதற்கு மேலும் என்றால் முழுசு. முதல் துண்டில் 83 பாகை, முழு 12-ஐயும் எடுத்து 281-இல் பறக்கிறோம். தரைவேகம் சுமார் 96, ஆகவே ஆம்பர்லிக்கு ஆறரை நிமிடம், பீட்டர்ஸ்ஃபீல்டுக்குப் பதினாறு. இரண்டாவது துண்டு 22 மைல், 14 நிமிடம். சாலிஸ்பரிக்கு 12 மைல், காற்று முகத்துக்கு வரத் தொடங்குவதால் 85 நாட், எட்டரை நிமிடம். கடைசித் துண்டு 15 மைலுக்குக் கொஞ்சம் குறைவு, பத்தரை நிமிடம். மொத்தம் 50 நிமிடம் என்று கொள்ளலாம்.

மணிக்குச் சுமார் 15 அமெரிக்க கேலன் குடிக்கும் என்ஜின், ஆகவே வழிக்குப் பன்னிரண்டரை. கிளப்பவும் தரையோடு நகரவும் ஒன்று. இறங்க முடியாமல் வந்த வழியே திரும்பி த்ரக்ஸ்டன் விமானதளத்துக்குப் போக நாலரை, அரை மணி நேரக் கையிருப்பு ஏழரை. 26 கேலன் இல்லாமல் நான் கிளம்ப மாட்டேன்.

காந்த விலகலுக்கு, அதாவது திசைகாட்டியின் வடக்கும் உண்மை வடக்கும் வேறுபடும் கோணத்துக்கு, தனியாகக் கூட்டிக் கழிக்க இப்போது தென் இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. 2022 நவம்பரில் உண்மை வடக்கு, மேப்பின் கட்டக்கோடுகள் காட்டும் கட்ட வடக்கு, காந்த வடக்கு மூன்றும் டார்செட் கரையில் லாங்டன் மேட்ராவர்ஸ் என்ற சிற்றூரில் ஒரே கோட்டில் வந்து நின்றன. நீங்கள் போகும் இடத்துக்கு அது ரொம்பத் தூரமில்லை. வேறு நாட்டில் பறக்கப் போகும்போது இந்தச் சலுகை இருக்காது, அதனால் கணக்கில் அந்த வரியை எழுதும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

ஹெட்டிங் சரியாகப் பிடித்தும் கோட்டைவிட்டு நகர்கிறது என்றால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கம்பளி நூலைப் பாருங்கள். நூல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஹெலிகாப்டர் மூக்கு காட்டும் திசையில் போகவில்லை, பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டிருக்கிறது. திசைகாட்டி 281 என்றே காட்டும், நீங்களும் காற்றைக் குற்றம் சொல்வீர்கள். மாணவர்கள் மேப்பைக் குனிந்து பார்க்கும்போது ஒரு காலில் மட்டும் அழுத்தம் கூடிவிடும், நூல் சாய்ந்துவிடும். கோடும் கணக்கும் சரியாக இருந்தும் தொலைந்தேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது முதலில் எனக்குத் தோன்றியது இதுதான்.

பறக்கும்போது வரிசை: கடிகாரம், மேப், தரை. இப்போது மணி என்ன, அதன்படி எங்கே இருக்க வேண்டும், அங்கே என்ன தெரிய வேண்டும், அது தெரிகிறதா? இந்த வரிசையை மாற்றி, கீழே ஒரு ஊரைப் பார்த்துவிட்டு அதை மேப்பில் தேடினால், மனது எப்படியாவது ஒரு ஊரைப் பொருத்திக் காட்டிவிடும். இங்கிலாந்தில் தேவாலயமும் குளமும் ஒரு சாலை வளைவும் இல்லாத ஊர் எது? ஆகவே அடுத்த குறிக்கு இரண்டு நிமிடம் முன்பு மேப்பைப் பாருங்கள், என்ன வரப்போகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்புறம் மேப்பை மறந்துவிட்டு வெளியே பாருங்கள். குறிகளுக்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில் எரிபொருள், ரேடியோ, என்ஜின் அளவுகள், கார்புரேட்டர் வெப்பம், திசை, ஆல்டிமீட்டர் (உயரமானி) என்று ஒரு சுற்று. எந்நேரமும் மேப்போடு ஒப்பிட்டுக்கொண்டே போவது தேவையில்லை, களைப்புதான் மிஞ்சும்.

பீட்டர்ஸ்ஃபீல்டில் ஊரைவிட பட்ஸர் ஹில்லைத் தேடுங்கள். ஊருக்குத் தெற்கே 270 மீட்டர் உயரத்தில் கம்பத்தோடு நிற்கும் மலை, பக்கத்திலேயே மலையை வெட்டிக்கொண்டு போகும் ஏ3 சாலை. சாலிஸ்பரியில் வேலை சுலபம். அங்கே தேவாலயக் கோபுரம் 123 மீட்டர், பிரிட்டனிலேயே உயரமான தேவாலயக் கோபுரம் அதுதான். ஸ்டாக்பிரிட்ஜைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே தெளிவான நாளில் ஊசிபோல் தெரிய ஆரம்பிக்கும். ஆனால் அந்தத் துண்டில் ரேடியோ வேலை அதிகம். மிடில் வாலப், பாஸ்கோம்ப் டவுன் என இரண்டு ராணுவத் தளங்களின் வட்டத்துக்குள் போகிறீர்கள், வடக்கே சாலிஸ்பரி சமவெளியின் அபாயப் பகுதிகள். அதனால் அந்த இடத்துக்குக் கண்ணை உறுத்தும் அளவு பெரிய அடையாளம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

புதிய மேப்பைத்தான் எடுக்க வேண்டும் என்பதற்கு இந்தப் பக்கத்துக் கதை ஒன்று போதும். சௌதாம்ப்டன் நீர்ப்பரப்பின் ஓரத்தில் ஃபாலி மின்நிலையத்தின் 198 மீட்டர் புகைபோக்கி இருந்தது. இந்தக் கரையில் பறந்த ஒரு தலைமுறை அதைப் பார்த்தே வழி பிடித்தது. 2021 அக்டோபர் 31 அன்று அதை வெடிவைத்து இடித்துவிட்டார்கள். பழைய ஆட்கள் வாய்வழியாகச் சொல்லித்தரும் பாதைகளில் அது இன்னும் நிற்கிறது. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. புதிதாக முளைத்த கிரேன் மேப்பில் இருக்காது, நோட்டாம் என்ற விமானிகளுக்கான அறிவிப்பில்தான் இருக்கும். அதோடு இந்த நாட்டு 5 லட்சத்துக்கு 1 அளவு மேப்பில் தரையிலிருந்து 300 அடிக்குக் குறைந்த தடைகளைக் குறிப்பதில்லை. அதற்குக் கீழே இறங்கினால் அங்கே இருப்பதைப் பற்றி மேப்புக்கு ஒன்றும் தெரியாது. மின்கம்பியைக் கடப்பதென்றால் கோபுரத்தின் நேர் மேலே கடக்கவும். கம்பி தெரியாது, கோபுரம் தெரியும்.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயம். ஷோரம் கடல் மட்டத்திலிருந்து 7 அடி. காம்ப்டன் அபாஸ் 811 அடி. சாலிஸ்பரியிலிருந்து போகும் கோட்டில், ஓடுபாதைக்கு இரண்டு மைல் முன்னால், வின் கிரீன் என்ற குன்று 277 மீட்டர், அதாவது 909 அடி. ஷோரமில் மேகத்தின் அடி 1,200 அடி என்று அறிக்கை வருகிறது, கரையோரம் பறக்க அது போதும். அதே மேகம் அதே உயரத்தில் நீண்டிருந்தால் வின் கிரீன் உச்சிக்கு மேலே 300 அடிகூட இல்லை. ஈரக் காற்று தென்மேற்கிலிருந்து வந்து அந்தச் சரிவில் ஏறும்போது இன்னும் குளிர்ந்து, மேகம் இன்னும் கீழே, குன்றையே போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கிளம்பும் இடத்தின் வானிலையை வைத்து முடிவெடுத்தால் 40 நிமிடம் நன்றாகப் பறந்து, கடைசிப் பத்து நிமிடத்தில் நிலம் மேலே வர, மேகம் கீழே வர, நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

நம் ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு துயரத்தை இங்கே சொல்லத்தான் வேண்டும். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தார்கள். 11:48-க்குக் கிளம்பி 12:15-க்கு இறங்க வேண்டிய பயணம், அரை மணி நேரம்கூட இல்லை. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, பைலட்டுக்குத் திசையுணர்வு குழம்பியது, இயங்கிக்கொண்டிருந்த ஹெலிகாப்டர் நிலத்தில் மோதியது என்று விமானப்படை விசாரணை சொன்னது. இரட்டை என்ஜின், தேர்ந்த குழு. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அந்த அறிவிப்பைப் படித்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. சமவெளியில் கிளம்பி மலையில் முடியும் குறுகிய பயணங்களைப் பற்றி அன்றிலிருந்து மாணவர்களிடம் தனியாகப் பேசுகிறேன். 2020 ஜனவரியில் கோபி பிரையன்ட் உட்பட 9 பேர் இறந்த கலிஃபோர்னியா விபத்திலும் ஹெலிகாப்டர் நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டுதான் போனது. நிலம் உயர்ந்த இடத்தில் மேகம் தாழ்ந்திருந்தது.

ஆகவே திட்டத்தில் எங்கே திரும்புவேன் என்பதும் பென்சிலால் குறித்திருக்க வேண்டும். நான் இரண்டு கோடு போடுவேன். ஒன்று ஆம்பர்லியில்: மலைமுகடு முழுசாகத் தெரியவில்லை, அதன் மேல் வெளிச்சம் இல்லை என்றால் அப்போதே இடது பக்கம் இறங்கி குட்வுட் விமானதளம், இல்லையென்றால் ஷோரமுக்கே திரும்பல். இரண்டாவது சாலிஸ்பரியில்: கோபுரத்துக்கு மேல் நின்று மேற்கே பார்க்கும்போது வின் கிரீன் முகடு தெரியாவிட்டால் அடுத்த ஹெட்டிங்கைப் பிடிப்பதே இல்லை. இதுபோக, அமெரிக்க மருத்துவ ஹெலிகாப்டர் பைலட்டுகள் பயன்படுத்தும் ஒரு கணக்கை நானும் எடுத்துக்கொண்டேன். வழக்கமான வேகத்திலிருந்து 30 நாட் குறைத்துவிட்டீர்கள், அல்லது முன்கூட்டி முடிவுசெய்த குறைந்தபட்ச உயரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றால், இதோ இந்த நொடியில் முடிவெடுக்க வேண்டும். திரும்பு, ஒதுங்கு, இறங்கு, இந்த மூன்றில் ஒன்று. இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம் என்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இறங்குவது நமக்கு மட்டும் கிடைத்த வசதி. விமானக்காரருக்கு ஓடுபாதை வேண்டும், நமக்கு ஒரு புல்வெளி போதும். 'லேண்ட் அண்ட் லிவ்' என்ற பெயரில் பன்னாட்டு ஹெலிகாப்டர் சங்கம் ஒரு பிரசாரமே நடத்தியது. ஒருமுறை சாலிஸ்பரிக்குத் தெற்கே மழைத்திரை மூடியபோது ஆட்டுமந்தை இல்லாத ஒரு வயலாகப் பார்த்து இறங்கினேன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வயல்காரர் வந்தார், மன்னிப்புக் கேட்டேன், தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். திட்டமிடும்போதே மேப்பில் பெரிய திறந்தவெளிகளை ஒரு பார்வை பார்த்து வைத்தால் அந்த முடிவு எடுக்க மனது எளிதில் சம்மதிக்கும்.

நிஜமாகவே தொலைந்துவிட்டால்? சுற்றிச் சுற்றித் தேட வேண்டாம். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது, அங்கிருந்து எத்தனை நிமிடம், எந்த ஹெட்டிங்? மேப்பில் அந்த இடத்துக்கு விரலை நகர்த்தி, பறந்த தூரத்தில் பத்தில் ஒரு பங்கை ஆரமாக வைத்து ஒரு வட்டம் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அநேகமாக அதற்குள்தான் இருக்கிறீர்கள். அந்த வட்டத்தை எந்தப் பெரிய கோடு வெட்டுகிறதோ, அதை நோக்கிப் போங்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் 121.5 என்ற அவசர ரேடியோ அலைவரிசையில் கூப்பிடுங்கள், இடத்தைச் சொல்லிவிடுவார்கள். அதைப் பயிற்சிக்காகவும் கேட்கலாம். பயம் இல்லாத நாளில் ஒருமுறை கேட்டுப் பழகிவிட்டால், தேவைப்படும் நாளில் தயக்கம் இருக்காது.

இப்போது டேப்லெட். பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் தெரியாமல் நுழைவதைத் தடுப்பதில் அதற்கு ஈடு இல்லை, இந்தப் பாதையில் சௌதாம்ப்டன் எல்லை ஒரு திருப்பத் தவறு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஆர்44-இன் கண்ணாடிக் குமிழுக்குள் வெயிலில் அது சூடாகி அணைந்துவிடும், ஸ்டாக்பிரிட்ஜ் பக்கத்தில் இரண்டு தடவை எனக்கு அணைந்திருக்கிறது. நகரும் புள்ளி நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லும். வின் கிரீன் மேகத்துக்குள் இருக்கிறதா என்று சொல்லாது. அதற்குக் கண் வெளியே இருக்க வேண்டும். பென்சிலால் ஒருமுறை பாதையைப் போட்டவர்கள் மலை, ஆறு, சாலை எல்லாவற்றையும் ஏற்கெனவே மனதில் ஒருமுறை பறந்துவிட்டிருப்பார்கள். அதனால் மேலே போனதும் அவர்கள் கண் தானாக வெளியே போகிறது.

கிளம்புவதற்கு முந்தின நாள் வின் கிரீனின் படத்தைப் பார்த்து வையுங்கள். மொட்டைக் குன்றின் உச்சியில் ஒரே ஒரு வட்ட மரக்கூட்டம். சாலிஸ்பரியிலிருந்து ஒன்பது நிமிடத்தில் அது ஏறக்குறைய காலடியில் வரும். அங்கிருந்து இரண்டு மைலில் முகட்டின் மேல் புல் ஓடுபாதை. நிலம் திடீரென்று கீழே விழுந்து பிளாக்மோர் வேல் சமவெளி விரிந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள், பதறாமல் இடது பக்கம் திரும்பி முகட்டோடு வாருங்கள். இறங்கியதும் ஒவ்வொரு குறிக்கும் உண்மையில் ஆன நேரத்தை வேறு நிறத்தில் அதே மேப்பில் எழுதி எனக்கு ஒரு படம் அனுப்புங்கள், எந்தத் துண்டில் எவ்வளவு விலகியது என்று சேர்ந்து பார்ப்போம்.